அக்கா கொடுத்தனுப்பிய டிபன்: மும்பையில் ஐந்து நாள்

முதல் நாள்: ரயிலில்

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, மும்பையில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். "இருடா, மாமாவுக்கு டிபன் குடுத்து அனுப்பிட்டு அப்புறமா பேசறேன்" என்று வைத்துவிட்டாள். மாமா ஏழரை மணிக்கே ஆபீஸ் கிளம்பிவிடுவார். கிளம்பிப் போன மனிதருக்கு ஒன்பது மணிக்கு இட்லி அனுப்புகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. பத்து மணிக்கு அவளே கூப்பிட்டாள். என்ன டிபன் என்று கேட்டேன். "சோறு, கத்திரிக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல், தயிர்" என்றாள்.

சோற்றை டிபன் என்று சொல்லி எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. தஞ்சாவூரில் டிபன் என்றால் இட்லி, தோசை, பூரி, உப்புமா. காலையில் டிபன், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் யாராவது விருந்தாளி வந்தால் மறுபடி டிபன். இதில் அக்காவுக்கும் எனக்கும் ஒரே பாடம்தான். ஒரே அடுப்படியில் வளர்ந்தவர்கள். இருபது வருஷ மும்பை வாசம் அவள் வாயில் அந்தச் சொல்லை வேறு தட்டுக்கு மாற்றியிருக்கிறது. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. போய்ப் பார்த்துவிடலாம் என்று டிக்கெட் போட்டுவிட்டேன்.

இப்போது ரயில் குந்தக்கல்லைத் தாண்டிவிட்டது. எதிர் இருக்கையில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். புனேயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார். நான் வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்ததும் புளிச்சோற்று வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. அவரும் தன் பொட்டலத்தைப் பிரித்தார். அவருடையது எலுமிச்சைச் சோறு. பாதியைப் பாதிக்கு மாற்றிக்கொண்டோம். பேச்சு தானாகவே டிபன் பக்கம் வந்தது.

"டிபன் நம்ம சொல்தான் தம்பி. தின் என்பதிலிருந்து வந்திருக்கும். தின்பண்டம், தீனி இல்லையா? கன்னடக்காரங்க திண்டின்னு சொல்றாங்களே" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கர்நாடகத்தில் காலைச் சிற்றுண்டிக்குத் திண்டி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். "ஐயா, டகரம் மொழிக்கு முதலில் வராதே?"

அவர் கையில் உருண்டை அப்படியே நின்றது. அப்புறம் சிரித்தார். "வராது. தொல்காப்பியத்திலேயே வராது" என்றார். தின் என்ற வேரிலிருந்து பிறந்திருந்தால் அது தகரத்தோடு நின்றிருக்கும். தின் டின் ஆக வேண்டிய அவசியமே இல்லை. டிக்கெட், டீ, டவுன் மாதிரி, டகரத்தில் தொடங்கும்போதே அந்தச் சொல் தான் வந்த வழியைச் சொல்லிவிடுகிறது. வந்த இடத்தில் இருந்த ஃபகரம் நம் நாக்கில் பகரமாகி, டிஃபின் டிபன் ஆயிற்று.

"சரி, அது போகட்டும். நீங்களும் நானும் இப்ப சாப்பிட்டமே, இதுக்குப் பேர் என்ன சொல்லுங்க" என்றார் ஆசிரியர். கட்டுச்சோறு என்றேன். "அதுக்கும் முந்தி?" அவரே சொன்னார்: பொதிசோறு. அப்பர் பசியோடும் தாகத்தோடும் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து வரும்போது, சிவபெருமான் வேதியர் வடிவில் வழியில் பொதிசோறு வைத்துக்கொண்டு காத்திருந்த கதையை, ஏதோ நேற்று நடந்த மாதிரி சொன்னார். திருச்சிக்குப் பக்கத்தில் அந்த ஊரில் இன்றும் சித்திரை மாதத்தில் அதற்கு விழா நடக்கிறது. மலையாளத்தில் பொதிச்சோறு இன்னும் உயிரோடு இருக்கிறது. வாட்டிய வாழையிலையில் சோறும் சம்மந்தி என்ற தேங்காய்த் துவையலும் முட்டைப் பொரியலும் வைத்துக் கட்டியதைக் கேரளத்துச் சாலையோரக் கடைகளில் வாங்கியிருக்கிறேன்.

அக்கா மாமாவுக்கு அனுப்புவது அந்தப் பொதிசோறுதான். அதற்கு ஏன் டிபன் என்று பேர் வந்தது?

இரண்டாம் நாள்: டப்பாவின் பின்னால்

அந்தேரி கிழக்கில் அக்கா வீடு மூன்றாவது மாடி. காலை ஆறு மணிக்கே குக்கர் சத்தம். எட்டரைக்கு எல்லாம் தயார். அடுக்கு டப்பாவில் கீழ்த்தட்டில் சோறு, அதற்கு மேல் சாம்பார், அதற்கு மேல் பொரியல், உச்சியில் ஒரு சின்னத் தட்டில் தயிரும் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாயும். எல்லாவற்றையும் அடுக்கிப் பக்கக் கம்பியைப் போட்டுப் பூட்டி, அதை ஒரு அலுமினிய உறைக்குள் இறக்கினாள். உறையின் மூடியைத்தான் நான் கவனித்துப் பார்த்தேன். பெயிண்டில் எழுதிய எழுத்துகளும் எண்களும். நடுவில் பெரிதாக ஒரு எண். ஓரத்தில் சிறியதாக இன்னொரு வரிசை. வீட்டு முகவரி இல்லை, மாமா பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை.

நடு எண் எந்தப் பகுதியில் இறங்க வேண்டும் என்பதைச் சொல்லும். ஓரத்து வரிசை, அங்கே கொண்டு சேர்ப்பவர் யார், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்பதைச் சொல்லும். நிறமும் இன்னொரு எழுத்தும் எந்த ஸ்டேஷனிலிருந்து கிளம்பியது என்பதற்கு. சாயங்காலம் காலி டப்பா திரும்பி வர அதுதான் வழிகாட்டி. வீட்டுச் சாப்பாட்டை வாங்கி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கு இங்கே டப்பாவாலா என்று பேர். அவர்களில் பலர் அதிகம் படித்தவர்கள் அல்ல. படிப்பு குறைந்தவரும் ஒரே பார்வையில் படித்துவிடும்படி அந்தக் குறியை அவர்களே உண்டாக்கியிருக்கிறார்கள்.

ஒன்பது இருபதுக்கு மணி அடித்தது. வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி. ஐம்பது வயது இருக்கும். அக்கா டப்பாவை நீட்ட, அவர் வாங்கினார். ஒரு வார்த்தை இல்லை. அடுத்த மாடிக்கு ஏறிவிட்டார். முப்பது விநாடிகூட ஆகியிருக்காது. "காக்க வைக்கக் கூடாதுடா. ஒரு வீட்ல ரெண்டு நிமிஷம் நின்னா அவருக்கு ரயில் போயிடும்" என்றாள் அக்கா. அவர் மேல் மாடியை முடித்து இறங்கியதும் நான் பின்னாலேயே ஓடினேன்.

சைக்கிளில் இரண்டு பக்கமும் பின்னாலும் டப்பாக்கள் காய்த்துத் தொங்கின. அந்தேரி ஸ்டேஷன் வாசலில் அவரைப் போல இன்னும் பலர். தரையில் டப்பாக்களைப் பரப்பி, இறங்கும் ஸ்டேஷன் வாரியாகப் பிரித்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. கை போகிற வேகத்தில் கண் மூடியைப் படிக்கிறது. பிரித்தவற்றை நீளமான மரத்தட்டுகளில் அடுக்கினார்கள். ஒரு தட்டில் நாற்பது டப்பா வரை போகிறது. அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும் அந்தத் தட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒருவர் படியேறியதைப் பார்த்தபோது என் கழுத்து வலித்தது.

ரயிலில் அவர்களோடு ஏற முடியவில்லை. லக்கேஜ் பெட்டியில் அவர்கள் ஏறினார்கள். நான் ஓடிப்போய் அடுத்த பெட்டியில் நசுங்கினேன். இங்கே ரயில் பெட்டிக்கும் டப்பா என்றுதான் பேர். நாமும் ரயில் பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி இரண்டையும் பெட்டி என்கிறோம் அல்லவா, அதே மாதிரி. ஆனால் டப்பா என்ற சொல்லுக்குத் தமிழில் அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. டப்பா படம், டப்பா வண்டி என்று திட்டத்தான் வைத்திருக்கிறோம். இங்கே டப்பா கொண்டுபோகிற மனிதருக்கு ரயில் நெரிசலில்கூட வழி கிடைக்கிறது.

நகரத்தின் தெற்கே கடைசி ஸ்டேஷனான சர்ச்கேட் வாசலில் பதினொன்றரைக்கு மேல் நின்று பார்த்தேன். நடைபாதையில் மறுபடி ஒரு பிரிப்பு. அந்தேரியில் ஏறியவர் கையிலிருந்து டப்பாக்கள் வேறு ஒருவர் கைக்குப் போகின்றன. ஒரு டப்பா ஒரு வழியில் மூன்று நான்கு கை மாறுகிறது. சைக்கிளில் சில, தள்ளுவண்டியில் சில. ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "மாவுலி" என்று கூப்பிட்டார். மாவுலி என்றால் தாய். பண்டரிபுரத்து விட்டலனைக் கும்பிடும் வார்கரிகள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் அழைத்துக்கொள்வார்கள். டப்பாவாலாக்களில் பெரும்பாலோர் வார்கரிகள். புனே மாவட்டத்தில் கேட், ஜுன்னர், ஆம்பேகாவ், மாவள், முள்ஷி பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். மார்ச், ஏப்ரல் வாக்கில் கிராமத்துத் திருவிழாவுக்காக எல்லோரும் சேர்ந்தாற்போல் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்தச் சில நாள் மும்பையில் வீட்டுச் சாப்பாடு நின்றுவிடும்.

இந்த வேலை 1890 வாக்கில் தொடங்கியது. மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் நூறு பேரை வைத்து ஆரம்பித்தார் என்கிறார்கள். மில்களும் வெள்ளைக்காரர் கம்பெனிகளும் பெருகிய காலம். வேலை நகரத்தின் தெற்கு முனையில், வீடு வடக்கே. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வர முடியாது. சாப்பாடுதான் வர வேண்டும். ஒரே ஊரில் குஜராத்தி, பார்சி, மராத்தி, தமிழர் என்று எத்தனையோ அடுப்படிகள். ஒருவர் சமைத்ததை மற்றவர் தொடத் தயங்கிய காலம் வேறு. அவரவர் வீட்டுச் சமையல் அவரவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. 1956ல் இவர்கள் அறக்கட்டளை ஒன்று பதிவு செய்தார்கள். அதன் பெயரில் 'டிஃபின் பாக்ஸ் சப்ளையர்ஸ்' என்று இருக்கிறது. ஊர் சொல்வது டப்பா, பதிவேடு சொல்வது டிஃபின்.

கொரோனாவுக்கு முன்பு ஏறக்குறைய 5,000 பேர், நாளுக்குச் சுமார் 2 லட்சம் டப்பா என்று கணக்குச் சொல்வார்கள். 2020ல் ரயில் நின்றதும் பலர் கிராமத்துக்குப் போய் விவசாயம் பார்த்தார்கள். ஆபீஸ்கள் வீட்டுக்குள் வந்துவிட்டதால் எல்லோரும் திரும்பவில்லை. எங்கள் அக்கா வீட்டுக்கு வருபவர் திரும்பி வந்தவர்களில் ஒருவர்.

ஒன்றரை மணிக்கு அவர்களில் நாலு பேர் ஒரு கட்டட நிழலில் உட்கார்ந்து தங்கள் சாப்பாட்டைப் பிரித்தார்கள். ஊருக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கடைசியாக இவர்கள். பாக்ரி என்ற தடித்த ரொட்டி, ஒரு பருப்பு, வெங்காயம். என் அரைகுறை இந்தியில் கேட்டேன்: "பாவு, டிஃபின் என்றால் என்ன?" அந்த மனிதர் கொஞ்சம் யோசித்தார். பக்கத்திலிருந்த காலி டப்பாவைத் தட்டிக் காட்டி, "இதுதான்" என்றார். உள்ளே இருப்பதற்கு? "அது ஜேவண்." ஜேவண் என்றால் சாப்பாடு.

மூன்றாம் நாள்: டவுன் ஹால் படிக்கட்டில்

இன்று நடை கிடையாது. ஹார்னிமன் சர்க்கிள் எதிரில் டவுன் ஹாலின் அகன்ற படிக்கட்டில் ஒரு தூண் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். 1833ல் கட்டி முடித்த கட்டடம். உள்ளே ஆசியாட்டிக் சொசைட்டியின் நூலகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் படியெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போனில் ஒரு பழைய அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

ஹாப்சன்-ஜாப்சன். 1886ல் வந்தது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் பேச்சில் புழங்கிய சொற்களுக்கான அகராதி. கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் எல்லாம் இங்கிலீஷ் ஆன கதையை அதில் படிக்கலாம். எழுதியவர்கள் இருவர். ஒருவர் ஹென்றி யூல். இன்னொருவர் ஆர்தர் கோக் பர்னெல். இந்தப் பர்னெல் எங்கள் ஊர்க்காரர் என்றே சொல்வேன். சென்னை மாகாண சிவில் சர்வீசில் சேர்ந்து, தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்துச் சம்ஸ்கிருதச் சுவடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் போட்டவர். சரஸ்வதி மகாலுக்கு முன்னால் எத்தனையோ தடவை சைக்கிளில் போயிருக்கிறேன். டிபனுக்கு அர்த்தம் தேடிய மனிதர் அதற்குள் உட்கார்ந்து வேலை செய்தார் என்பது மும்பைப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரிகிறது. புத்தகம் அச்சாகி வருவதற்கு நாலு வருஷம் முன்பே, 1882ல், அவர் இறந்துவிட்டார். நாற்பத்திரண்டு வயதுதான்.

அகராதி டிஃபினுக்கு முதலில் சொல்லும் பொருள் மத்தியானச் சாப்பாடு. இந்தியாவில் வாழ்ந்த வெள்ளைக்காரர் வீட்டு மதிய உணவு. அப்புறம் மூலத்துக்குப் போகிறது. அரபியில் பொழுதுபோக்கு என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது, அதிலிருந்து வந்தது என்று சிலர் சொன்னார்களாம். சீன மொழியில் 'சோறு சாப்பிடு' என்பதிலிருந்து வந்தது என்று வேறு சிலர். இரண்டையும் ஆசிரியர்கள் ஏற்கவில்லை. அவர்கள் கை காட்டுவது இங்கிலாந்துப் பேச்சு வழக்கை. 'டிஃப்' என்றால் ஒரு மடக்குச் சாராயம். 'டிஃபிங்' என்றால் சாப்பாட்டு வேளை அல்லாத வேளையில் கொறிப்பது, குடிப்பது. 1785ல் கிரோஸ் என்பவர் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியிலேயே அந்தப் பொருள் பதிவாகியிருக்கிறது.

ஒரு மடக்குக் குடி எப்படி ஒரு வேளைச் சாப்பாடு ஆனது? இதற்கு அவர்கள் சாப்பிட்ட நேரத்தைப் பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் கல்கத்தாவிலும் மதராஸிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பெரிய சாப்பாடு மத்தியானம் இரண்டு மணி வாக்கில். இந்த வெயிலில் வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்குவார்கள். காலம் போகப்போக அந்தப் பெரிய சாப்பாடு சாயங்காலத்துக்கு நகர்ந்து, ராத்திரிக்கே போய்விட்டது. காலைச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். லஞ்ச் என்ற சொல் அவர்கள் ஊரிலேயே இன்னும் சரியாக நிலைபெறாத காலம். கைக்கு எட்டிய கொச்சைச் சொல்லை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள்.

படிக்கட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது எதிரே மணி பன்னிரண்டே முக்கால். ஃபோர்ட் பகுதியின் ஒவ்வொரு கட்டட வாசலிலும் டப்பாக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்து வெள்ளைக்கார குமாஸ்தாவுக்குப் பசித்த அதே வேளை, அவர் உட்கார்ந்த அதே தெருக்கள். மும்பை அந்தச் சொல்லை அதன் பழைய நேரத்திலேயே வைத்திருக்கிறது. அப்புறம் நேரத்திலிருந்து அது மெல்ல இறங்கிப் பாத்திரத்தில் உட்கார்ந்துவிட்டது. கல்கத்தா போனால் பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கே டிஃபின் என்று பேர். பிள்ளைகள் டிஃபின் மணி அடித்ததும் ஓடுவார்கள்.

தமிழில் மட்டும் ஏன் அது மத்தியானத்தை விட்டுக் காலைக்கும் சாயங்காலத்துக்கும் ஓடியது? ராத்திரி மொட்டை மாடியில் அக்காவோடு பேசும்போதுதான் எனக்குத் தெளிந்தது. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"அப்பாயி அமாவாசை ராத்திரி என்ன சொல்லும், ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? "இன்னிக்கு ராத்திரி பலகாரம்தான்டா." அமாவாசை, கார்த்திகை, சனிக்கிழமை என்றால் ராத்திரியில் சோற்றைத் தொடமாட்டாள். ரெண்டு தோசையோ, கொஞ்சம் உப்புமாவோ, அதுதான் பலகாரம். பழ ஆகாரம் என்று விரதத்துக்கு வந்த சொல், எங்கள் அப்பாயி தட்டில் சோறல்லாத எல்லாமாக விரிந்திருந்தது. நமக்கு உணவு அன்றைக்கே இரண்டு சாதி: சோறு ஒன்று, சோறல்லாதது ஒன்று. வெள்ளைக்காரன் சொல்லைக் கொண்டுவந்தபோது மத்தியானம் காலியாக இல்லை. அங்கே இலை போட்டுச் சோறு உட்கார்ந்திருந்தது. அதை நகர்த்த எந்தச் சொல்லாலும் முடியாது. 'லேசாகக் கொஞ்சம்' என்ற பொருள் மட்டும் டிபனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பொருளுக்கு இங்கே இருந்த இடம் பலகாரத்தின் இடம். அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. இது நானாக யோசித்துச் சேர்த்த கணக்குதான். ஆனால் எங்கள் வீட்டு அமாவாசை ராத்திரிகள் இதற்குச் சாட்சி.

அக்கா மகள் விடவில்லை. "மாமா, இட்லியும் அரிசிதானே? பொங்கல் சோறேதானே? அது மட்டும் எப்படி டிபன்?" என்று கேட்டாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். நல்ல கேள்வி. அரிசி வேறு, சோறு வேறு என்றேன். குழம்பு ஊற்றி, ரசம் ஊற்றி, மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவது சோறு. அரைத்தோ, உடைத்தோ, குழைத்தோ தன் உருவை மாற்றிக்கொண்டுவிட்டால் அது டிபன். பொங்கலுக்குச் சாம்பார் தொட்டுக்கொள்ளத்தான், ஊற்றிப் பிசைய இல்லை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தயிர்சோறு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

நான்காம் நாள்: மாட்டுங்கா

மாட்டுங்காவில் இறங்கியதும் பூக்கட்டும் வாசனை. கதம்பம், துளசி மாலை, வாழை இலைக்கட்டு, வடுமாங்காய், அப்பளம். தமிழ்க் குடும்பங்கள் நூறு வருஷத்துக்கும் குறையாமல் வாழ்ந்த பகுதி. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மெட்ராஸ் 1940ல் தொடங்கியது. காலை எட்டு மணிக்கே வாசலில் வரிசை. பேர் எழுதிவிட்டு நின்றேன். ரவா இட்லியும் ஒரு தோசையும் சாப்பிட்டேன், சாம்பாரில் லேசான உடுப்பி இனிப்பு. எதிர் மேசையில் ஒரு குஜராத்திக் குடும்பம் கரண்டியால் இட்லி வெட்டிக்கொண்டிருந்தது. இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். "நாஷ்தா" என்றார் அந்த அம்மா. டிஃபின் இல்லையா? "டிஃபின் வீட்டில் கட்டுவது."

சென்னையில் எந்தத் தெருவில் நின்றாலும் பலகையில் எழுதியிருக்கும்: டிபன் ரெடி, மீல்ஸ் ரெடி. மீல்ஸ் என்றாலும் இங்கிலீஷ்தான், அது சோற்றுக்கு. டிபன் சோறல்லாததற்கு. அப்பாயி வைத்திருந்த அதே கோட்டை இரண்டு இங்கிலீஷ் சொற்களை வைத்து ஹோட்டல் பலகையில் திரும்பப் போட்டிருக்கிறோம். சிற்றுண்டி என்று அழகான சொல் இருக்கிறது. ஆனால் அது பலகையோடு நின்றுவிட்டது. 'சிற்றுண்டி சாப்பிட்டியா' என்று எந்த அம்மாவும் கேட்டு நான் கேட்டதில்லை. பலகாரமும் தீபாவளிக்கும் பொண்ணு பார்க்கப் போகும் தட்டுக்கும் என்று சுருங்கிவிட்டது. அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

மத்தியானம் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங். 1942லிருந்து நடக்கிறது. வாழை இலையில் சோறு, சாம்பார், ரசம். அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான்.

அங்கிருந்து தாதருக்கு நடந்தேன். போகிற வழியில் இன்னொரு சொல்லும் கிடைத்தது: கானாவள். நம்ம ஊர் மெஸ் மாதிரி. பருத்தி ஆலைகள் ஓடிய காலத்தில் கொங்கணத்திலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் தனியாக வந்த ஆண்களுக்கு, ஆலைப் பகுதியின் ஒற்றை அறை வீடுகளில் பெண்கள் மாசக் கணக்கில் சமைத்துப் போட்டார்கள். வீட்டுச் சமையல் வரும் டப்பா, இதே நகரத்தில் வீடு இருந்தவனுக்கு. வீட்டையே சொந்த ஊரில் விட்டுவிட்டு வந்தவனுக்குக் கானாவள். அந்தப் பெண்கள் கடன்காரர்களிடம் மாட்டித் தவித்தபோது, 1975ல் பிரேமா புராவ் அவர்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பைத் தொடங்கினார். வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தார். 1982ல் ஆலை வேலைநிறுத்தம் வந்து, ஆலைகள் பலவும் மூடி, சாப்பிட வந்த ஆண்களே இல்லாமல் போனார்கள். இன்று அந்த ஆலை நிலங்களில் கண்ணாடிக் கட்டடங்கள். கீழே பார்த்தால் அங்கேயும் ஒரு தள்ளுவண்டி நிறைய டப்பா நின்றது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஐந்தரை. மாமாவின் டப்பா எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. அக்கா திறந்தாள். ஓரத்தில் ஒதுக்கிய கறிவேப்பிலை, ஒரு மிளகாய், பொரியல் பாதி. "இன்னிக்கு ஏதோ டென்ஷன்ல இருந்திருக்கார். பீன்ஸ் பிடிக்குமே, மிச்சம் வைக்க மாட்டாரே" என்றாள். மாமா வீடு வந்து சேர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவருடைய நாள் எப்படிப் போனது என்று அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

ஐந்தாம் நாள்: கிளம்பும்போது

ரயில் மத்தியானம். அக்கா காலையிலிருந்தே இரண்டு சமையல் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு அடுக்கு டப்பாவில் சோறும் முருங்கைக்காய் சாம்பாரும். எனக்கு இலையில் புளிச்சோறு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். இரண்டும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

ஒன்பது இருபதுக்கு மணி அடித்தது. அக்கா கை மாவாக இருந்தது. "டேய், அந்த டிபனை எடுத்துக் குடு, இவருக்கு நேரமாச்சு" என்று கத்தினாள். எது டிபன் என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. அலுமினிய உறையை எடுத்தேன். உள்ளே சோற்றுச் சூடு உறையைத் தாண்டி உள்ளங்கையில் தட்டியது. கதவைத் திறந்து, "மாவுலி" என்று நீட்டினேன். அவர் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்து, "ராம் ராம்" என்றார். அப்புறம் மூடியைப் பார்த்தார், டப்பாவை வாங்கி மற்றவற்றோடு கோத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக மேலே ஏறிவிட்டார்.